லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்: டபுள் எக்ஸ்போஷர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்பிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. முதல் பாகத்தின் கிளைமாக்ஸைத் தொடாமல் இந்தப் பாகத்தைப் பற்றிப் பேசவே முடியாது. முதல் பாகத்தை இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் மூன்றாவது கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டபுள் எக்ஸ்போஷரின் முடிவை நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

இது என்ன மாதிரியான கேம்?

சண்டையும் ஸ்கோரும் இல்லாத கேம். ஒரு பாத்திரத்தை நடத்திக்கொண்டு போகிறோம், கண்ணில் படுகிற பொருட்களை எடுத்துப் பார்க்கிறோம், ஆட்களோடு பேசுகிறோம், நடுநடுவே முடிவெடுக்கிறோம். அந்த முடிவுகளைச் சுமந்துகொண்டு கதை நகரும்.

முதல் பாகத்தை பாரிஸில் உள்ள டோன்ட்நாட் ஸ்டூடியோ உருவாக்கியது. வெளியிட்டது ஸ்கொயர் எனிக்ஸ். 2015 ஜனவரியில் தொடங்கி அக்டோபருக்குள் ஐந்து எபிசோட்களாக வந்தது. மேக்ஸ் கால்ஃபீல்டுக்கு 18 வயது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆர்கேடியா பே என்ற கற்பனைக் கடலோர ஊரில் போட்டோகிராபி படிக்கிறாள். ஒருநாள் பள்ளிக் கழிவறையில் நீல முடிக்காரப் பெண் ஒருத்தி சுடப்படுவதைப் பார்த்துப் பதறிக் கையை நீட்டுகிறாள். காலம் பின்னோக்கி ஓடுகிறது. சுடப்பட்டவள் ஐந்து வருடமாகத் தொடர்பே இல்லாமல் விட்டுப்போன பால்யத் தோழி க்ளோயி என்பது பிறகுதான் தெரியவருகிறது.

அங்கிருந்து, சொல்லிவிட்ட வார்த்தையைக்கூட மேக்ஸால் திரும்பப் பெற முடியும். ஒரு பதிலைச் சொல்லிப் பார்க்கலாம், எதிராளியின் முகம் மாறுவதைப் பார்க்கலாம், பின்னுக்குப் போய் வேறு பதில் சொல்லலாம். இவ்வளவு சலுகை இருந்தும் முடிவெடுக்க முடியாமல் நாம் உட்கார்ந்திருப்போம். இரண்டு பக்கத்தையும் பார்த்த பிறகும் எது சரி என்று தெரியாது.

டபுள் எக்ஸ்போஷர் இந்தத் தொடரில் எங்கே வருகிறது?

முதல் பாகத்துக்குப் பின் தொடர் மேக்ஸை விட்டுவிட்டு வேறு வேறு ஆட்களிடம் போனது. 2017இல் வந்த பிஃபோர் த ஸ்டார்ம் முதல் கதைக்கு முந்தைய காலத்தில் க்ளோயிக்கு நடந்ததைச் சொன்னது. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள டெக் நைன் ஸ்டூடியோ உருவாக்கியது அது. இரண்டாம் பாகம் 2018 செப்டம்பர் முதல் 2019 டிசம்பர் வரை எபிசோட்களாக வந்தது. மீண்டும் டோன்ட்நாட். சியாட்டிலிலிருந்து மெக்சிகோ நோக்கி ஓடும் ஷான், டேனியல் என்ற அண்ணன் தம்பியின் கதை. 2021இல் ட்ரூ கலர்ஸ், மறுபடி டெக் நைன். பிறர் உணர்ச்சியை நிறமாகப் பார்க்கும் அலெக்ஸ் சென் அதன் நாயகி.

டபுள் எக்ஸ்போஷர் 2024 அக்டோபர் 29 அன்று வந்தது. இதுவும் டெக் நைன்தான். ஒன்பது வருடம் கழித்து மேக்ஸ் திரும்பி வந்தாள். முதல் பாகத்தில் அவளுக்குக் குரல் கொடுத்த ஹன்னா டெல்லேவும் கூடவே திரும்பினார். இப்போது மேக்ஸ் வளர்ந்த பெண். வெர்மான்ட் மாநிலத்தில் கேலடன் என்ற கற்பனைப் பல்கலைக்கழகத்தில் தங்கி வேலை செய்யும் புகைப்படக் கலைஞர். காலத்தைத் திருப்பும் சக்தியை ஒதுக்கி வைத்துவிட்டு அமைதியாக வாழப் பார்க்கிறாள்.

முந்தைய பாகங்களை ஆடாமல் நேராக இதைத் தொடங்கலாமா?

தொடங்கலாம், கதை புரியும். ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இந்தக் கேம் முழுக்க மேக்ஸ் ஒரு பழைய காயத்தோடு நடமாடுகிறாள். அதை மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்வதும், அந்த முடிவை எடுத்த பட்டனை நீங்களே அழுத்தியிருப்பதும் ஒன்றாகாது. முதல் பாகத்தை மட்டும் ஆடிவிட்டு வந்தால் போதும். இரண்டாம் பாகமும் ட்ரூ கலர்ஸும் இதற்குக் கட்டாயமில்லை. முதல் பாகமும் பிஃபோர் த ஸ்டார்மும் மெருகேற்றப்பட்டு 2022இல் ரீமாஸ்டர்டு தொகுப்பாக வந்திருக்கின்றன. பழைய பதிப்பு, புதிய பதிப்பு எதை ஆடினாலும் கதை ஒன்றுதான்.

முதல் பாகத்தில் நான் எடுத்த கடைசி முடிவு இதில் செல்லுபடியாகுமா?

ஆகும். மறந்தவர்களுக்காக: முதல் பாகத்தின் கடைசியில் ஒரு பெரும்புயல் ஊரை நோக்கி வருகிறது. காலத்தைத் திருப்பி க்ளோயியைக் காப்பாற்றியதன் விளைவாகத்தான் அது வருகிறது என்று மேக்ஸ் நம்புகிறாள். முதல் நாளுக்கே திரும்பிப்போய் க்ளோயியைச் சாக விட்டால் ஊர் பிழைக்கும். விடாவிட்டால் ஊர் அழியும், க்ளோயி பிழைப்பாள். தேர்வு இந்த இரண்டில் ஒன்று.

இப்படி இரண்டாகப் பிளந்து முடிந்த கதைக்கு அடுத்த பாகம் எழுதுவது பெரிய தலைவலி. ஏதாவது ஒரு முடிவுதான் உண்மையில் நடந்தது என்று அறிவித்துவிட்டால் மற்ற பாதிப்பேரின் ஆட்டம் செல்லாததாகிவிடும். மாஸ் எஃபெக்ட் என்ற கேம் தொடர் பழைய சேவ் ஃபைலையே, அதாவது நம் ஆட்டம் பதிவான கோப்பையே, அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோக வைத்தது. த விட்சர் 3 இன்னும் நாசூக்காகச் செய்தது. தொடக்கத்தில் அரண்மனையில் ஒரு பிரபு நாயகனிடம் பழைய நிகழ்வுகளைப் பற்றிக் கேள்வி கேட்பார், நாம் சொல்லும் பதில்களே வரலாறாகிவிடும். லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் இரண்டாம் பாகம் ஆட்களையே மாற்றிக்கொண்டு சிக்கலைத் தாண்டியது. அப்படியும் நம் பழைய முடிவுக்கு ஏற்ப, வழியில் தெரியும் ஆர்கேடியா பே முழு ஊராகவோ இடிபாடாகவோ தெரியும். கொஞ்ச நேரக் காட்சிதான், ஆனால் பழைய ஆட்டக்காரர்களுக்குத் தொண்டை அடைத்துவிடும்.

டபுள் எக்ஸ்போஷர் விட்சரின் வழியை எடுத்துக்கொண்டது. தொடக்கத்திலேயே மேக்ஸ் தன் புதிய தோழி சாஃபியோடு பேசும்போது பழைய வாழ்க்கையைப் பற்றிய பேச்சு வருகிறது. க்ளோயி இறந்துவிட்டாளா, பிரிந்துவிட்டாளா, அவள் தோழியா, காதலியா என்பதை நம் பதில்கள் முடிவு செய்கின்றன. சேவ் ஃபைல் தேவையில்லை, எந்தக் கன்சோலில் முதல் பாகத்தை ஆடியிருந்தாலும் கவலையில்லை.

அப்படியானால் ரசிகர்கள் ஏன் அத்தனை கோபப்பட்டார்கள்?

க்ளோயி உயிரோடு இருக்கிறாள் என்று பதில் சொன்னாலும் அவள் மேக்ஸோடு இல்லை. காதலியாக இருந்தால் பிரிந்துவிட்டார்கள், தோழியாக இருந்தால் விலகிப்போய்விட்டார்கள். ஒரு பாத்திரமாக அவள் நம்மோடு நடமாடுவதில்லை. பேச்சிலும் நினைவிலும் செய்திகளிலும் மட்டுமே இருக்கிறாள்.

கோபப்பட்ட ரசிகர்கள் முதல் பாகத்தில் ஒருத்திக்காக ஓர் ஊரையே பலி கொடுத்தவர்கள். அந்தப் பட்டனை அழுத்திவிட்டு அன்று இரவு தூங்காதவர்கள் பலர். அவர்களிடம் போய் ‘அந்த உறவு நிலைக்கவில்லை’ என்று சொன்னால் வலிக்கத்தான் செய்யும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இத்தனை பேர் சாவுக்குக் காரணமாகி உயிர்தப்பிய இரண்டு இளம்பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புயலும் நினைவுக்கு வரும். மேக்ஸ் பழசிலேயே நின்றுவிட, க்ளோயி அதை உதறிவிட்டு ஓடப் பார்த்திருக்கலாம். பிரிவு நம்ப முடியாத விஷயமல்ல.

என் வருத்தம் வேறு. அந்தப் பிரிவு இரண்டு பாகங்களுக்கு நடுவே, நம் கண்ணுக்குப் படாமல், நம்மைக் கேட்காமல் நடந்துவிட்டது. காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்பதைக்கூட நம்மிடம் கேட்கிற தொடர் இது. அப்படிப்பட்ட தொடர் தன் கதையிலேயே மிகப் பெரிய உறவு எப்படி முறிந்தது என்பதை மட்டும் நம் கையில் கொடுக்கவில்லை. ஐந்து நிமிடக் காட்சி போதுமாக இருந்தது. க்ளோயி கிளம்புகிற நாள் காலை, ஒரு வாசல், நாம் தேர்ந்தெடுக்கிற நாலு வாக்கியம். அப்போதும் அவள் போயிருப்பாள். ஆனால் என்ன சொல்லி அனுப்பினோம் என்பது நம்முடையதாக இருந்திருக்கும்.

ஊரைக் காப்பாற்றி க்ளோயியை இழந்தவர்களுக்கோ இந்தப் பாகம் கச்சிதமாகப் பொருந்துகிறது. முன்பு ஒரு தோழியைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவள் மேக்ஸ். இந்தப் பாகத்தில் சாஃபி. மறுபடி ஒரு தோழி, மறுபடி ஒரு துப்பாக்கிச் சத்தம். அவள் சக்தியை மீண்டும் தேடிப் போவதற்கு அதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. எழுத்தாளர்கள் மனதில் இந்தக் கிளையை வைத்துத்தான் கதையைக் கட்டினார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு கிளைக்கும் ஒரே மரியாதை கிடைக்கவில்லை என்பது உண்மை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை ஒரே இடத்தில்தான் வந்து சேருகிறது. பிறகு என் தேர்வுக்கு என்ன மதிப்பு?

இந்த வகை கேம்களைப் பற்றி அதிகம் வருகிற புகார் இதுதான். முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இரண்டே வழி உள்ள தேர்வுகள் பத்து வைத்து, எதையும் மறுபடி இணைக்காமல் விட்டால் 1,024 தனித்தனிக் கதைகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வசனம், குரல் பதிவு, நடிப்புப் பதிவு, அனிமேஷன். எந்த ஸ்டூடியோவாலும் முடியாது. அதனால் ஆறு ஒரு திட்டைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்வதுபோலக் கதையைப் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பார்கள்.

இதைச் செய்வதில் நேர்த்தியும் உண்டு, அவசரமும் உண்டு. டெல்டேல் நிறுவனத்தின் த வாக்கிங் டெட் 2012இல் இந்த வகையையே பெரிதாக வளர்த்துவிட்ட கேம். அதன் முதல் எபிசோடில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாவது எபிசோடில் அவரும் கொல்லப்படுவார். எழுதியவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் இரண்டாவது தடவை ஆடும்போது அந்த இடத்தில் ஏமாற்றம் வரும்.

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் முதல் பாகத்தின் இரண்டாவது எபிசோட் இதற்கு நேர் மாறான பாடம். கேட் மார்ஷ் என்ற மாணவியை ஒரு வீடியோவை வைத்துப் பள்ளியே கேலி செய்கிறது. அவள் விடுதிக் கூரையின் விளிம்பில் போய் நிற்கிறாள். மேக்ஸ் அங்கே ஓடிப்போய்ச் சேரும்போது சக்தி தீர்ந்துவிடுகிறது, இனி ரீவைண்ட் கிடையாது. சொல்வது சொன்னதுதான். அதுவரை அலட்சியமாகச் செய்ததெல்லாம் அங்கே வந்து நிற்கிறது. பாதுகாப்பு அதிகாரி அவளை மிரட்டியபோது குறுக்கே போனோமா, ஒளிந்து நின்று போட்டோ எடுத்தோமா? சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வந்த அவள் போனை எடுத்தோமா? குளியலறைக் கண்ணாடியில் யாரோ எழுதிவைத்த அந்த வீடியோ முகவரியை அழித்தோமா? பேச்சு வார்த்தைக்கு வார்த்தை போகும். அவள் குடும்பத்தில் யார் அவளிடம் பாசமாக இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டிவரும். அவள் அறைக்குப் போயிருந்தபோது நாலு பொருளை நின்று பார்த்தவருக்கு அது தெரியும். கதவோடு திரும்பியவருக்குத் தெரியாது.

கேட் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் மூன்றாவது எபிசோட் தொடங்கும், அந்தப் புயல் வந்தே தீரும். கதையின் பெரிய வழி மாறவில்லை. அதற்காக அந்தத் தேர்வுக்கு மதிப்பில்லை என்று, அந்தக் கூரையில் நின்ற யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதனால் நான் ஒரு கேமை அளக்கும்போது எத்தனை முடிவுகள் என்று எண்ணுவதில்லை. நான் செய்ததை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். டபுள் எக்ஸ்போஷர் இதில் சில இடங்களில் ஜெயிக்கிறது. மேக்ஸ் சொன்ன ஒரு சின்னப் பொய் இரண்டு சாப்டர் தாண்டி ஒருவர் பேச்சின் தொனியில் தெரியும். ஆனால் கேட் காட்சிபோல எல்லாம் ஒன்றுகூடி வந்து நம் எதிரே நிற்கிற தருணம் இதில் இல்லை. அது இல்லாதது எனக்குக் குறைதான்.

மேக்ஸின் புதிய சக்தி என்ன?

காலத்தைத் திருப்புவதற்குப் பதிலாக, பக்கத்து டைம்லைனுக்கு, அதாவது நிகழ்வுகள் வேறு விதமாக நடந்த இன்னோர் உலகத்துக்குத் தாவுவது. ஒரு டிசம்பர் இரவில் விண்கல் மழை பார்க்கப் போன இடத்தில் சாஃபி சுட்டுக் கொல்லப்படுகிறாள். பிறகு மேக்ஸ் இன்னொரு டைம்லைனைக் கண்டுபிடிக்கிறாள். அங்கே சாஃபி உயிரோடு இருக்கிறாள், ஆனால் அவளைக் கொல்லப் போகிறவர் அங்கேயும் இருக்கலாம்.

ஒரே நடைகூடம், ஒரே வகுப்பறை, இரண்டு உலகம். ஒன்றில் பண்டிகை அலங்காரமும் சிரிப்பும், மற்றதில் துக்கமும் தணிந்த குரல்களும். குறிப்பிட்ட இடங்களில் நின்று தாவலாம். தாவாமலே மறுபக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் ஒட்டுக்கேட்கவும் முடியும். இங்கே பூட்டியிருக்கும் கதவு அங்கே திறந்திருக்கும், அங்கே எடுத்த பொருள் இங்கே உதவும். புதிர்கள் சுலபமானவை, யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

புதிரைவிட மனிதர்கள்தான் இதில் சுவாரஸ்யம். மேக்ஸின் நண்பன் மோசஸ் ஒரு டைம்லைனில் தோழியை இழந்து உடைந்து கிடக்கிறான், மறுபக்கத்தில் அவனே உற்சாகமாக ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறான். சாஃபியின் அம்மா யாஸ்மின் பல்கலைக்கழகத்தின் தலைவர். மகளைப் பறிகொடுத்த அம்மாவின் அறையில் நின்று பேசிவிட்டு, ஒரு தாவலில் மகள் இருக்கிற உலகத்துக்கு வந்து அதே அம்மாவிடம் சாதாரணமாகப் பேச வேண்டியிருக்கும். அந்த மாற்றத்தை மேக்ஸின் முகத்தில் பாருங்கள். நடிப்புப் பதிவு அபாரம். கண்ணை ஒரு நொடி தாழ்த்தி நிமிர்வதிலேயே எல்லாம் வந்துவிடுகிறது.

ரீவைண்ட் இல்லை என்பதால் இந்தப் பாகத்தில் சொன்ன பதிலைத் திரும்பப் பெற முடியாது. முதல் பாகத்தின் பழக்கத்தோடு வருபவர்களுக்குக் கை துறுதுறுக்கும்.

கொலை மர்மமாக நன்றாக இருக்கிறதா?

முதல் மூன்று சாப்டர் பிரமாதம். ஒவ்வொரு பேராசிரியருக்கும் மறைக்க ஏதோ இருக்கிறது, ஒரு டைம்லைனில் வாய் திறக்காதவர் மற்றதில் உளறிவிடுகிறார். பிற்பகுதியில் யார் சுட்டது என்ற கேள்வியைக் கதை ஓரமாக வைத்துவிட்டு வேறு திசைக்குப் போய்விடுகிறது. அந்தத் திசை சிலருக்குப் பிடிக்கும். துப்பறியும் கதையாக நினைத்து வருகிறவர்களுக்கு நிறைவு கிடைக்காது. அதோடு, சுற்றிச் சுற்றி அதே நாலைந்து இடங்கள்தான். ஆர்கேடியா பேயில் கடற்கரை, குப்பைக் கிடங்கு, கலங்கரை விளக்கம் என்று ஒரு முழு ஊரே நமக்குப் பழகியிருந்தது. கேலடனில் அந்த விரிவு இல்லை.

எடுத்த முடிவு பிடிக்காவிட்டால் திரும்ப ஆடி மாற்றலாமா?

முதல் தடவை வேண்டாம். தப்பாகப் போனாலும் அப்படியே போக விடுங்கள். முழுதாக முடித்த பிறகு எல்லாக் கிளைகளையும் தோண்டிப் பார்க்க நிறைய நேரம் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மற்ற ஆட்டக்காரர்கள் என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்ற சதவீதமும் வரும். அதைப் பார்த்து உங்கள் முடிவை எடைபோடாதீர்கள்.

எபிசோட் எபிசோடாகக் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். ட்ரூ கலர்ஸிலிருந்தே முழுக் கதையும் ஒரே தவணையில் வருகிறது. டபுள் எக்ஸ்போஷரில் ஐந்து சாப்டர்கள். அதிக விலைப் பதிப்பை வாங்கியவர்களுக்கு மட்டும் முதல் இரண்டு சாப்டர்களை இரண்டு வாரம் முன்பே திறந்துவிட்டார்கள். மர்மக் கதையில் இப்படிச் செய்ததால் ஸ்பாய்லர்கள் எங்கும் பரவின. மற்றவர்களுக்குச் செய்த அநியாயம் அது.

எதில் ஆடலாம், எவ்வளவு நேரம் ஆகும், தமிழ் உண்டா?

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ், விண்டோஸ் கணினி. நின்டெண்டோ ஸ்விட்சுக்கு 2024 நவம்பர் 19 அன்று வந்தது. நிதானமாக ஆடினால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நின்று எல்லா டைரியையும் போஸ்டரையும் படிக்கிறவர்களுக்கு இன்னும் கூடும், அப்படி ஆடுவதுதான் நல்லது. தமிழ்க் குரலோ தமிழ் சப்டைட்டிலோ இல்லை. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு உலகப் பேச்சும் மாறி மாறி வரும்போது உதவும்.

மனதைப் பாதிக்கும் விஷயங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. துப்பாக்கிச் சாவு, நெருங்கியவரை இழந்த துக்கம், தற்கொலை பற்றிய பேச்சு இந்தப் பாகத்தில் வருகின்றன. முதல் பாகத்தின் இரண்டாவது எபிசோடைப் பற்றி மேலே சொன்னேன். அந்தப் பாகத்தில் போதை கொடுத்துப் பெண்களைக் கடத்துவதும் வரும். நீங்கள் சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். துணைக்கு ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு ஆடுவதும் நல்லது. கன்ட்ரோலர் ஒருவர் கையிலும் முடிவு இருவர் வாயிலுமாக ஆடுவதற்கு இந்தத் தொடர் மிகவும் ஏற்றது.

முதல் பாகத்தைப் படைத்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் என்ற பெயரின் உரிமை ஸ்கொயர் எனிக்ஸிடம் இருக்கிறது. அதனால்தான் தொடர் வேறு ஸ்டூடியோவின் கைக்குப் போக முடிந்தது. முதல் பாகத்தின் இயக்குநர்களில் ஒருவரான மிஷேல் கோஷ், டோன்ட்நாட்டின் மாண்ட்ரியல் கிளையில் லாஸ்ட் ரெக்கார்ட்ஸ்: ப்ளூம் அண்ட் ரேஜ் என்ற கேமை உருவாக்கினார். 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு பகுதிகளாக வந்தது. 1995ஆம் ஆண்டுக் கோடையில் நண்பர்களான நான்கு பெண்கள் 27 வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள். கையில் கேம்கார்டரோடு அலையும் நாயகி. எதிராளி பேசி முடிக்கும் முன் குறுக்கே பேசலாம், பேசாமலும் இருக்கலாம், அந்த மௌனத்தையும் அவர்கள் கவனிக்கிறார்கள். டபுள் எக்ஸ்போஷரை முடித்துவிட்டு, பழைய ஆர்கேடியா பேயின் மெதுவான நடைக்கு ஏங்குகிறவர்கள் அடுத்து இதை எடுங்கள்.